ஒரு சொல்லின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி: 'ஜிம்கானா'வை வைத்துச் சொல்கிறேன்

ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையைத் தேட உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இது எங்கேயிருந்து வந்தது?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இன்றைக்கு இதை யார், எந்த ஊரில், எதைக் காட்டிச் சொல்கிறார்கள்?

நான் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் டியூஷன் எடுக்கிறவள். சனிக்கிழமை சாயங்காலம் பாடம் கிடையாது. ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்து அதன் பின்னாலேயே போவோம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பழைய பிள்ளைகள் ஃபீஸ் ரசீதைக் காட்டி, "டீச்சர், எங்க காலேஜ்ல ஜிம்மே இல்ல, ஜிம்கானா ஃபீஸ்னு எதுக்கு வாங்குறாங்க?" என்று கேட்டதில் மாட்டிய சொல்தான் ஜிம்கானா. மும்பையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிச் சொல் அமையாது. ஆங்கில அகராதியில் இருக்கிறது, ஆனால் இங்கிலாந்தில் பிறக்கவில்லை. பாதி இந்தி மாதிரி இருக்கிறது, ஆனால் இந்திக்காரர்கள் வீட்டுப் பேச்சில் பிறந்ததும் இல்லை. நம் ஊரைச் சுற்றியே பத்து இடத்தில் பெயர்ப்பலகையாக நிற்கிறது.

முதலில் இன்றைய பொருள்களைப் பொறுக்குங்கள்

ஒரு நோட்டை எடுத்து, சொல்லின் இன்றைய பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் கட்டாயம் வேண்டும். எங்கள் நோட்டில் வந்தவை இவை.

மாட்டுங்காவிலோ கார் ரோடு ஸ்டேஷன் பக்கமோ வீடு இருக்கிற, கொஞ்சம் வசதியானவர்களுக்கு ஜிம்கானா என்றால் கிளப்: உறுப்பினர் அட்டை, பேட்மின்டன், சீட்டாட்டம், கேன்டீன். மரீன் டிரைவ் பக்கம் கேட்டரிங் வேலைக்குப் போகும் எங்கள் தெருப் பையன்களுக்கு அது கல்யாண வரவேற்பு நடக்கும் புல்வெளி. மும்பைக் கல்லூரி அலுவலகத்தில் அது விளையாட்டுச் செலவுக்கான கட்டணத் தலைப்பு. கரக்பூர், கான்பூர் ஐஐடிகளில் மாணவர் அமைப்புக்கே அந்தப் பெயர்; அங்கே ஜிம்கானா தேர்தல் நடக்கும். சென்னையில் தீவுத்திடலில் இருக்கும் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பை உள்ளே போகாதவர்களுக்கும் தெரியும்.

கடல் தாண்டினால் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஜிம்கானா என்பது கட்டடமே இல்லை. சின்னப் பிள்ளைகள் மட்டக் குதிரைகளில் ஏறி, கரண்டியில் முட்டை ஏந்தியும், சாக்குக்குள் கால் விட்டும், நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்தும் போட்டி போடும் ஒரு நாள் நிகழ்ச்சி அது. ஜப்பானில் 'ஜிமுகானா' என்றால் கார். பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றிக் காரைத் திருப்பி நேரம் பார்க்கும் போட்டி. அமெரிக்க ராலி ஓட்டுநர் கென் பிளாக் 2008இலிருந்து வெளியிட்ட கார் வீடியோக்களுக்கும் இதே பெயர்தான். என் வகுப்புப் பையன்களில் பாதிப் பேருக்கு இந்தச் சொல் அறிமுகமானதே அதில்தான். லண்டனில் 2013இல் திறந்த ஓர் இந்திய உணவகத்தின் பெயரும் ஜிம்கானா. 2024இல் அதற்கு, உணவகங்களுக்குப் பெரிய கௌரவமான மிஷெலின் நட்சத்திரம் இரண்டு கிடைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளப், கல்யாணம், கட்டணம், தேர்தல், குதிரை, கார், சாப்பாடு. ஒரே சொல். இவ்வளவும் கையில் இருக்கும்போதுதான் 'எங்கேயிருந்து' என்ற கேள்விக்கு வேலை வருகிறது. பூர்வீகம் தெரிந்தால் மட்டும் குதிரைக்கும் கேன்டீனுக்கும் என்ன உறவு என்று தெரிந்துவிடாது. தேடலில் பெரிய பாதி நடுவழிதான்.

எந்த அகராதியைத் திறப்பது

மொபைலில் உடனே வரும் அகராதியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அகராதியும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றில் முதலில் நிற்கும் பொருள் பெரும்பாலும் இன்று அதிகம் புழங்கும் பொருள். வரலாற்று அகராதியில் முதலில் நிற்பது மூத்த பொருள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் "முதல் பொருள் இதுதானே போட்டிருக்கு" என்று சண்டைக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வரலாற்று வகை. 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்தது. இணையத்தில் அதைப் படிக்கச் சந்தா கேட்கும். பழைய அச்சுப் பதிப்பின் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆரம்பத்துக்கு அது போதும்.

ஆனால் இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குள் போன சொல் என்றால் நேராக ஹாப்சன்-ஜாப்சனுக்குப் போங்கள். 1886இல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் வங்காள எஞ்சினியர் படையில் இருந்தவர். ஏ.சி.பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனையிலிருந்த சம்ஸ்கிருத ஏடுகளுக்கு அட்டவணை தயாரித்தவர். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1882இல், பர்னெல் இறந்துவிட்டார். 1903இல் வில்லியம் குரூக் என்பவர் சேர்க்கைகளோடு இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். தலைப்பே ஒரு பாடம்: முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் "யா ஹசன், யா ஹுசைன்" என்ற குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் விழுந்து 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆனது.

சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் இது இலவசம். அதே தளத்தில் உருது-இந்திக்கு பிளாட்ஸ், மராத்திக்கு மோல்ஸ்வர்த், பாரசீகத்துக்கு ஸ்டைன்காஸ், நமக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் எல்லாம் இருக்கின்றன. இந்த ஐந்தையும் மொபைலில் சேமித்து வைத்துக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். அச்சுப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி என்கிறவர்கள் ஃபோர்ட்டில் டவுன் ஹால் படிகளில் ஏறி ஏசியாட்டிக் சொசைட்டியில் விசாரிக்கலாம். நான் அந்த ரகம் இல்லை.

பதிவை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். ஜிம்கானாவுக்கு ஹாப்சன்-ஜாப்சன் சொல்வதன் சாரம் இது. சொல் மிகப் புதியது. தேடிப் பிடிக்க முடிந்த முதல் பயன்பாடு 1861இல், வட இந்தியாவில் இருக்கும் ரூர்க்கியில். அதற்கு மேஜர் ஜான் டிராட்டர் என்பவர் சாட்சி. யாரோ ஒட்டுப்போட்டு உண்டாக்கிய சொல். பம்பாய் மாகாணத்தில் உருவாகியிருக்க வேண்டும் என்று தொகுத்தவர்கள் நம்புகிறார்கள். சுவரில் பந்தடிக்கும் ராக்கெட்ஸ் விளையாட்டின் கூடத்துக்கு இந்தியில் சொல்லப்பட்ட 'கேந்த்-கானா', அதாவது பந்து வீடு, அதற்கு அடிப்படையாக இருக்கலாம். அந்தக் 'கேந்த்' ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற சொல்லின் சாயலில் 'ஜிம்' ஆகத் திரிந்திருக்கலாம்.

இதை வகுப்பில் படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்: நம்ம பம்பாய்ச் சொல்! அங்கேதான் நிறுத்தினேன். மறுபடி படியுங்கள். 1861, ரூர்க்கி என்பதற்கு ஆள் சாட்சி இருக்கிறது. பம்பாய் என்பதற்கு 'நம்புகிறோம்' மட்டும்தான் இருக்கிறது. நோட்டில் இவற்றை வேறு வேறு மையில் எழுத வேண்டும். நாங்கள் சாட்சி உள்ளதை நீலத்திலும் நம்பிக்கையைப் பென்சிலிலும் எழுதுகிறோம். ஊர்ப் பாசத்துக்கு மை கிடையாது.

அடுத்து, அந்தப் பதிவில் சதுர அடைப்புக்குறிகளைப் பாருங்கள். அவை குரூக் 1903இல் சேர்த்தவை. 'ஜமாத்-கானா', கூடும் இடம் என்பதிலிருந்து ஜிம்கானா வந்தது என்று யாரோ சொன்னதை, அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று தள்ளுவதும் இங்கேதான். மும்பையில் ஜமாத்கானாக்கள் நிறைய இருப்பதால் இந்தக் கதையை இன்றும் யாராவது சொல்வார்கள். நூறு வருடத்துக்கு முன்பே அது அலசப்பட்டுவிட்டது என்று நீங்கள் சொல்லலாம்.

பிய்க்கும்போது கவனம்

சொல்லை இரண்டாகப் பிய்த்துப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

பின்பாதி சுலபம். 'கானா' பாரசீகத்தில் வீடு, இடம். மும்பையில் தடுக்கி விழுந்தால் ஒரு கானா: மருந்து கொடுக்கும் தவாகானா, பட்டறைக்கு கார்கானா, தாதரில் புறாக்களுக்கு கபூதர்கானா. காலையில் வரிசையில் நிற்கும் பாக்கானாவும் அதே குடும்பம். (ஊரில் நாம் சொல்லும் கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அதன் பின்பாதிக்கும் அவர்கள் மொழியில் வீடு என்றுதான் பொருள். எந்த நாட்டானும் இதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறான்.)

பொறி எங்கே இருக்கிறது? இந்தியில் சாப்பாட்டுக்குச் சொல்லும் 'கானா' வேறு சொல். அது சம்ஸ்கிருத வழியில் வந்தது. காதில் ஒன்றாகக் கேட்பதால் "ஜிம் முடிச்சிட்டு கானா" என்று ஒரு பையன் விளக்கம் சொன்னான். சிரித்தோம், ஆனால் இந்த மாதிரி விளக்கம்தான் வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போகிறது. அதே மாதிரி நம் கஜானாவும் இந்தக் கானா இல்லை. அது அரபி வழி வந்த முழுச் சொல், பிய்க்கவே கூடாது. பிளாட்ஸில் இவை தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். ஒலியை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

முன்பாதியில் இன்னும் பெரிய பொறி. கேந்த் என்றால் பந்து என்றதும் கொஞ்சம் தமிழ் படித்த பெண் ஒருத்தி எழுந்தாள்: "டீச்சர், பந்துக்குத் தமிழ்ல கந்துகம்னு இருக்கே!" இன்னொருத்தன், "மராத்தியில் பந்து சேண்டு. நம்ம செண்டு!" ஆர்வம் பிடித்திருந்தது. லெக்சிகனைத் திறந்தால் கந்துகமும் இருக்கிறது, விளையாட்டுப் பந்து என்ற பொருளில் செண்டும் இருக்கிறது. கந்துகம் சம்ஸ்கிருதத்திலும் உண்டு. கேந்த், கந்துகம், செண்டு ஆகியவற்றின் உறவு தனி ஆராய்ச்சி. அதை முடித்தாலும் ஜிம்கானாவைப் பற்றி ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. ஏனென்றால் 1860களில் ரூர்க்கிக் கண்டோன்மென்டில் யாரும் கந்துகம் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு சொல்லின் கதையைத் தேடும்போது அதன் தாத்தாவின் தாத்தாவைத் தேடிப் போய்விடக் கூடாது. எல்லாவற்றையும் தமிழில் கொண்டுபோய் முடிக்கும் ஆசை நமக்கு நிறைய இருக்கிறது. அந்த ஆசைக்குக் கட்டுமரமும் சுருட்டும் போதுமான தீனி. அவை இரண்டும் ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்ததில் சந்தேகம் இல்லை.

'ஜிம்' பக்கம் கிரேக்கத்துக்குப் போகலாம். ஜிம்னாசியத்தின் வேரில் இருப்பது 'ஆடையில்லாத' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். அந்தக் காலத்து ஆண்கள் உடையின்றிப் பயிற்சி செய்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் அப்புறம் பத்து நிமிஷத்துக்கு அமைதி கிடையாது. இன்றைய கிளப்களில் காலர் வைத்த சட்டை இல்லாமல் நுழைந்து பாருங்கள், வேரும் பொருளும் எவ்வளவு தூரம் என்று வாசலில் நிற்கிறவரே சொல்லிவிடுவார்.

தேதி போட்ட சாட்சிகள்

அகராதியில் விளக்கத்தைவிட அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மேற்கோள்கள்தான் சொத்து. ஹாப்சன்-ஜாப்சன் நான்கைத் தருகிறது. நான்கும் நான்கு திசை.

1877இல் ஒரு பத்திரிகைச் செய்தி: ஒரு கிரிக்கெட் கிளப்போடு ஜிம்கானா கிளப்பைச் சேர்த்து, மைதான வேலிக்குள்ளேயே ஸ்கேட்டிங் தளம், லான் டென்னிஸ், பேட்மின்டன் எல்லாம் போடலாம் என்று ஒரு யோசனை. ஆக, அப்போது ஜிம்கானா என்பது பல விளையாட்டுகளுக்கான ஏற்பாடு. கூட வரும் பொருள்களையும் கவனியுங்கள். அவையும் தேதி சொல்லும். லான் டென்னிஸுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தது 1874இல். யாராவது '1850இல் ஜிம்கானாவில் லான் டென்னிஸ் ஆடினார்கள்' என்று எழுதினால் அங்கேயே பிடித்துவிடலாம்.

1879இல் அதே பத்திரிகை ஒருவரைக் கிண்டல் செய்கிறது. ரங்கூன் ஜிம்கானாவைப் பற்றி அவர் எழுதும்போது, ஏதோ இனிமையாக விருந்து சாப்பிடும் இடம் போல எழுதிவிட்டாராம். அங்கே மனிதர்கள் என்னென்னவோ செய்யலாம், ஆனால் ஜிம்கானாவில் யாரும் இரவு உணவு சாப்பிடுவதில்லை என்று பத்திரிகை திருத்துகிறது. எனக்கு நான்கிலும் பிடித்த சாட்சி இதுதான். ஒரு சொல்லை ஒருவர் 'தப்பாக' பயன்படுத்துகிறார் என்று இன்னொருவர் கோபப்படும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பொருள் நகரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. 1879இல் திட்டு வாங்கிய பொருளுக்கு 2024இல் இரண்டு மிஷெலின் நட்சத்திரம். கோபப்பட்டவர்கள் தோற்றுப்போவதுதான் வழக்கம் என்பதால், இன்றைக்கு யார் எந்தச் சொல்லுக்காகக் கோபப்படுகிறார்கள் என்பதையும் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

1881இல் எஞ்சினியர் படையின் பத்திரிகையில் ஒரு தலைப்பு: மால்டாவில் ஜிம்கானா, போலோ குதிரைகளுக்கும் மற்றக் குதிரைகளுக்கும். இங்கே சொல் தலைகீழாகிவிட்டது. இடத்தின் பெயர் நிகழ்ச்சியின் பெயராகிவிட்டது. இந்தியாவை விட்டும் கிளம்பிவிட்டது. 1883இல், கிளப்களும் ஜிம்கானாக்களும் வைத்து வாழ்க்கைச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளும் பம்பாய்க்காரர்கள் என்று ஒருவர் எழுதுகிறார். அதற்குள் பம்பாய் என்றால் ஜிம்கானா என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்தச் சாட்சிகளைப் பிடித்து வந்தது யார்? யூல் எஞ்சினியர் படைக்காரர் என்று சொன்னேனே. எஞ்சினியர்களின் பத்திரிகை அவர் மேஜைக்கு வரும். ரூர்க்கியோ எஞ்சினியரிங் கல்லூரியும் வங்காள சாப்பர்ஸ் என்ற எஞ்சினியர் சிப்பாய்ப் படையும் இருந்த ஊர். வலை போட்ட இடத்தில் இருக்கும் மீன்தான் வலையில் மாட்டும். எனவே 'முதல் பயன்பாடு 1861' என்று எழுதாதீர்கள். '1861க்கு முன்பு சாட்சி காட்டப்படவில்லை' என்று எழுதுங்கள்.

உங்கள் வலையை நீங்களே போட இப்போது வசதி இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இரண்டிலும் பழைய நாளிதழ்கள் இலவசம், ஆண்டு வரம்பு வைத்துத் தேடலாம். நடுவில் கோடு போட்டும் போடாமலும், ஜே எழுத்தில் தொடங்கியும், கானாவில் ஓர் எழுத்தை விட்டும் தேடுங்கள். அந்தக் கால அச்சுக்காரர்கள் இஷ்டத்துக்கு எழுதினார்கள், இயந்திரம் அதை இன்னும் தப்பாகப் படிக்கும். கூகுள் புக்ஸில் ஒரு பழைய பத்திரிகை கிடைத்தால் பக்கத்தையே திறந்து ஆண்டைப் பாருங்கள். தொடர் இதழ்களுக்குப் பல சமயம் முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டுவிடும். ஐம்பது வருடம் முந்திய சாட்சி கிடைத்தது என்று குதித்து, அப்புறம் பார்த்தால் அது 1890 இதழாக இருக்கும்.

கிளப்கள் தொடங்கிய ஆண்டுகளும் சாட்சிதான்: பம்பாய் ஜிம்கானா 1875, மெட்ராஸ் 1884, பார்சி ஜிம்கானா 1885, இந்து ஜிம்கானா 1894, டெல்லி 1913. ஆனால் பலகையில் இருக்கும் பெயர் தொடக்கத்தில் இருந்த பெயராக இருக்க வேண்டியதில்லை. டெல்லியில் முதலில் 'இம்பீரியல்' என்ற ஒட்டு இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதை எடுத்துவிட்டார்கள்.

பொருள் ஏன் நகர்ந்தது

இதற்கு அகராதியை மூடிவிட்டு வரலாற்றுக்குப் போக வேண்டும். சர்ச்கேட்டில் இறங்கி நடந்தாலே பாதி புரியும்.

பம்பாய் ஜிம்கானா ஐரோப்பியர்களின் இடம். இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. முன்னால் இருந்த திறந்த மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் போலோ ஆட, குதிரைக் குளம்பு புல்லைக் கிளறிப் போட, அங்கேயே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இந்தியப் பையன்கள் மனு மேல் மனு போட்டார்கள். அந்த இழுபறிக்குப் பின்னால், அன்றைக்குக் கென்னடி சீ ஃபேஸ் என்று சொன்ன கடலோரத்தில் பார்சி, இஸ்லாம், இந்து ஜிம்கானாக்களுக்கு வரிசையாக நிலம் கிடைத்தது. மரீன் டிரைவ் சாலை பிற்பாடு கடலைத் தூர்த்துப் போட்டது. இப்படித்தான் இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மதப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ரூர்க்கியிலோ மால்டாவிலோ இது இல்லை. பம்பாயில் ஜிம்கானா என்பது விளையாட்டு இடம் மட்டுமல்ல, 'நம்மவர்' யார் என்று சொல்லும் பெயராகவும் ஆனது. 1912இல் நான்கு அணிப் போட்டியாகவும் 1937இல் ஐந்து அணிப் போட்டியாகவும் மத அடிப்படையில் கிரிக்கெட் நடந்தது. 1940இல் காந்தி அதைக் கூடாது என்றார். 1945-46 பருவத்தோடு நின்றது.

'நம்மவர்' என்பதற்குள்ளும் வாசல் உண்டு. பல்வங்கர் பாலு பெரிய இடதுகைச் சுழல் பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். தலித் என்பதால், புனேயில் அவர் ஆடிய அணி தேநீர் இடைவேளையில் அவரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தி மண் குவளையில் கொடுத்தது. பம்பாயில் இந்து ஜிம்கானா அவரை அணியில் சேர்த்தது, ஆனால் தலைவர் பதவி அவரைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. 1923இல் அவருடைய தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். தாராவியில் இதைச் சொல்லும்போது யாருக்கும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை. ஹாப்சன்-ஜாப்சன் ஜிம்கானாவைப் பொது இடம் என்று எழுதியிருக்கிறது. பொது என்றால் யாருக்குப் பொது என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு சொல்லின் பொருளில் யார் உள்ளே, யார் வெளியே என்பதும் ஒரு பகுதி. அதற்கு எந்த அகராதியிலும் தனி எண் போட மாட்டார்கள்.

சரி, இந்தியா மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டமும் பம்பாய் ஜிம்கானாவில்தான்: 1933 டிசம்பர், இங்கிலாந்துக்கு எதிராக. லாலா அமர்நாத் அறிமுக ஆட்டத்திலேயே 118 அடித்தார். அதுவே அந்த மைதானத்தின் ஒரே டெஸ்ட்.

கல்லூரிக் கட்டணமும் ஐஐடித் தேர்தலும் இந்த மரத்தின் கிளைகள்தான். விளையாட்டுக்கான ஏற்பாடு என்ற பொருள், அதற்கான பணம் என்றும், அதை நடத்தும் மாணவர் குழு என்றும் நீண்டது. ஜிம் இல்லாத கல்லூரியும் ஜிம்கானா ஃபீஸ் வாங்கலாம். கேரம் போர்டு இருந்தால் போதும்.

வெளிநாட்டுக் கிளை வேறு மாதிரி வளர்ந்தது. சிப்பாய்கள் ஊர் திரும்பும்போது கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிகழ்ச்சியைக் கொண்டுபோகலாம். அதனால் அங்கே இடம் என்ற பொருள் உதிர்ந்து, போட்டி என்ற பொருள் மட்டும் நின்றது. போட்டியிலும் குதிரை மட்டும் நின்றது. 1929இல் பிரிட்டனில் போனி கிளப் தொடங்கியது. 1957இலிருந்து இளவரசர் ஃபிலிப் பெயரில் பிள்ளைகளுக்கான குதிரை விளையாட்டுக் கோப்பை நடக்கிறது. குதிரையிலிருந்து காருக்குத் தாவியது எப்படி என்றால், கம்புகளை நினைத்துப் பாருங்கள். நட்ட கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நேரத்தோடு போட்டி. கம்புக்குப் பதில் கூம்பு, குதிரைக்குப் பதில் கார். திருப்பங்களில் திறமை காட்டுவது என்ற நடு எலும்பு மாறவில்லை. பந்தும் வீடும் எப்போதோ காணாமல் போய்விட்டன.

ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் இப்படி எது நின்றது, எது உதிர்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் நடுவில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது; திரும்பப் பத்திரிகைகளுக்குப் போங்கள்.

அழகான கதை வந்தால்

நிறுத்துங்கள். மும்பையோடு சம்பந்தப்பட்ட மிகப் பிரபலமான பொய்க்கதை, பணக்காரத் தோரணையைக் குறிக்கும் 'போஷ்' என்ற சொல்லுக்குச் சொல்வது. பணக்காரப் பயணிகள் பம்பாய்க்குக் கப்பலில் வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் நிழலான அறை கேட்டார்களாம், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற அந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைப் பி அண்டு ஓ கப்பல் கம்பெனி டிக்கெட்டில் அச்சடித்தார்களாம், அதுதான் போஷாம். அப்படி அச்சடித்த ஒரு டிக்கெட்டையும் இதுவரை யாரும் காட்டவில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கமே ஆங்கிலத்தில் இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகியது. எனவே அதற்கு முந்திய சொல்லுக்கு யாராவது முதலெழுத்துக் கதை சொன்னால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்த சொல்

முறை பிடிபட்டுவிட்டால் 'டங்கரி'யை எடுத்துப் பாருங்கள். தாதரிலும் ஹிந்த்மாதாவிலும் மார்பு வரை ஏறி, தோளில் பட்டை போட்ட குழந்தைகள் பேன்ட்டைக் கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் இன்றைய பொருள்கள்: பிள்ளைகள் உடை, மெக்கானிக் உடை, கப்பல் வேலையாள் உடை. அப்புறம் ஹாப்சன்-ஜாப்சன். அதில் குரூக் அடைப்புக்குறிக்குள் மோல்ஸ்வர்த்தின் மராத்தி அகராதியை மேற்கோள் காட்டியிருப்பார். டோங்ரி கோட்டையை ஒட்டிய பகுதியில் விற்ற சாதாரண நாட்டுத் துணிக்கு வந்த பெயர், பிறகு மட்டமான மலிவுத் துணிக்கு ஆனது என்று. அந்த டோங்ரி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. துணி எப்போது உடையானது, 'மட்டம்' என்ற பொருள் எந்த ஆண்டில் உதிர்ந்தது என்பதற்குத் தேதி போட்ட சாட்சி தேடுங்கள். டிரோவில் தொடங்கினால் கப்பல் செய்திகள் நிறைய வரும். ஆங்கிலத்தில் ஒருமையிலும் பன்மையிலும் தனித்தனியாகத் தேடுங்கள். துணிக்கு ஒருமை, பேன்ட்டுக்குப் பன்மை.